சோறும் சத்தமும்: காட்டுக்குப் போகிற மட்டக்களப்பாருக்கு

மட்டக்களப்பில் ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் திரும்ப விடமாட்டார்கள், பேசாமல் இருக்கவும் விடமாட்டார்கள். கோயில் சடங்கு என்றால் இரண்டும் பத்து மடங்காகும். வருகிறவனுக்கெல்லாம் சோறு, ஊர் கேட்க ஒலிபெருக்கி. எங்கள் ஊரின் நல்ல குணம் என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டையும்தான் சொல்வேன். காட்டுக்குள் போனதும் எங்கள் கெட்ட குணமாக மாறுவதும் இந்த இரண்டும்தான்.

உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடந்த ஆண்டுகளிலும், கல்லோயாவில் படகேறிய நாட்களிலும் கண்ட தவறுகளை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தேன். வேட்டையும் மரக்கடத்தலும் வேறு கணக்கு, அவற்றை விட்டுவிடுவோம். சுற்றுலாவாகவும் நேர்த்திக்கடனாகவும் போகிற சாதாரணக் குடும்பங்கள் செய்ததை மட்டும் எழுதினேன். ஏறக்குறைய எல்லாமே சோற்றுப் பக்கம் விழுந்தது, இல்லையென்றால் சத்தத்துப் பக்கம். யானைக்கு வாழைப்பழம் நீட்டிய அம்மாவுக்கு அது புண்ணியம். இரவில் பாட்டுப் போட்ட பொடியன்களுக்கு அது சந்தோசம். ஒருவர் மனதிலும் கெடுதல் இல்லை. அதனாலேயே அறிவித்தல் பலகையில் 'குற்றம்' என்று எழுதியிருப்பதை அவர்கள் தங்களுக்கு எழுதியதாக நினைப்பதில்லை.

வாவிக்கரையில் இருந்துகொண்டு நாங்கள் போகிற காடுகள் பல. தெற்கே பொத்துவில், பாணமை தாண்டினால் குமண. 1970இல் யால கிழக்கு என்ற பெயரில் தேசிய பூங்காவானது, போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது, 2006இல் குமண என்று பெயர் மாறியது. தென்மேற்கே அம்பாறை வழியாக இங்கினியாகலை போனால் 1954இல் உருவான கல்லோயா தேசிய பூங்கா, நடுவில் சேனாநாயக்க சமுத்திரம். பொத்துவில் வீதியில் சின்னதாக லகுகல. மேற்கே மாதுறு ஓயா, 1983இல் வந்தது. இவை போக எங்கள் மாவட்டத்திலேயே குடும்பிமலைக் காடு, உன்னிச்சை, உறுகாமம் குளக்கரைகள். இவற்றில் பாதி இடம் பூங்கா இல்லை, வாசலும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. விதியில்லாத இடம் என்று பொடியன்கள் நினைப்பதும் அங்கேதான்.

புறப்படுமுன்

செய்யுங்கள்: போகிற இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். தேசிய பூங்கா வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடையது. ஒதுக்குக் காடு வன இலாகாவுடையது. குளக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது. "காடுதானே, யார் கேட்கப் போறான்" என்று போய், கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு நடுச்சாமத்தில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் என் மருமகன்.

செய்யுங்கள்: பூங்காவுக்குள் இரவு தங்க வேண்டுமென்றால் திணைக்களம் குறித்த கூடார இடத்தை முன்கூட்டியே பதிவுசெய்து, அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நல்ல மரநிழல், ஆற்று வளைவு, மெத்தென்ற மணல் என்று நீங்களே இடம் தேடக்கூடாது. உங்களுக்கு நல்லதாகப் படுகிற இடம் யானைக்கும் நல்லதாகத்தான் படும். அது உங்களுக்கு முன்னே பதிவுசெய்துவிட்டது.

செய்யாதீர்கள்: மாலை ஐந்து மணிக்கு வாசலுக்குப் போய், "தூரத்திலிருந்து வந்தம், ஒரு சுற்று மட்டும்" என்று காவலரைக் கெஞ்சாதீர்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை என்பது பார்வையாளர் நேரம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் விடியற்காலை மூன்றரைக்கே வானில் ஏறினால்தான் ஆறு மணிக்குக் குமணயில் நிற்கலாம். கல்முனையில் தேநீர், அக்கரைப்பற்றில் பலகாரம், பொத்துவிலில் படம் என்று இறங்கி ஏறினால் மத்தியானம்தான் போய்ச் சேருவீர்கள். மத்தியான வெயிலில் மிருகம் வெளியே நிற்காது. பிறகு "ஒண்டுமே காணயில்ல, காசு போச்சு" என்று வழிகாட்டியோடு சண்டை பிடிப்பீர்கள்.

சோற்றுப் பக்கம்

செய்யாதீர்கள்: யானைக்குச் சாப்பாடு கொடுக்காதீர்கள். இந்த ஒரு விதிக்கு நான் நிறைய இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

கதிர்காமத்துக்கு வானில் போகிற எங்கள் ஆட்களுக்கு புத்தளை–கதிர்காமம் வீதி தெரியும். காட்டின் நடுவே போகிற வீதி. அங்கே யானை வந்து வழிமறிக்கும், வாகனம் நிற்கும், பூசைக்குக் கொண்டுபோகிற பழத்தட்டில் ஒரு சீப்பு வெளியே போகும். யானை வழிவிடும். உள்ளே இருக்கிறவர்கள் பிள்ளையாரே வாங்கிக்கொண்டார் என்று கும்பிடுவார்கள். அந்த யானை அன்று கற்றது வேறு: வாகனத்தை மறித்தால் பழம் வரும். அடுத்த வாகனத்தில் பழம் இல்லாவிட்டால், அது தும்பிக்கையை உள்ளே விட்டுத் தேடும். தேடினால் கண்ணாடி உடையும், ஆள் நசியும். யாலவில் கெமுனு என்று பெயர் வாங்கிய கொம்பன் ஜீப்புகளுக்குள் தும்பிக்கை விட்டுச் சாப்பாடு தேடியது நாடு முழுக்கத் தெரிந்த கதை. உடவளவையில் வீதியோர மின்வேலிக்கு உள்ளே நின்றபடி போகிற வருகிறவர்களிடம் பழம் வாங்கிப் பழகிய ராம்போவின் கதையும் அப்படியே. காட்டில் நாளெல்லாம் நடந்து புல்லும் பட்டையும் தின்ன வேண்டிய மிருகத்தை வீதியோரத்தில் கையேந்த வைத்தது எங்கள் தாராள மனசு.

ஒரு கொம்பனோ தனியனோ இப்படிக் கெட்டுப்போனால் முடிவில் அதற்குத்தான் பெயர் கெடும். "ஆட்கொல்லி" என்பார்கள், பிடித்து வேறு காட்டில் விடச் சொல்வார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் அதிகமான யானைகளும் 150க்கும் அதிகமான மனிதர்களும் யானை–மனித மோதலில் செத்தார்கள். அந்தச் சாவுகள் எல்லாவற்றுக்கும் பழச்சீப்புக் காரணமில்லை. பெரும்பாலும் வயல், வேலி, துப்பாக்கி, வெடி. வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் கிரானிலும் இரவுக்காவல் இருக்கிறவர்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மனிதனைக் கண்டு விலகிப்போகிற பயம்தான் யானையையும் மனிதனையும் இவ்வளவு காலம் காப்பாற்றியது. அந்தப் பயத்தைப் பழம் கொடுத்து அழிப்பது புண்ணியக் கணக்கில் வராது. பழத்தைக் கோயிலில் கொடுங்கள்.

செய்யாதீர்கள்: குரங்குக்கும் கொடுக்காதீர்கள். மேலே சொன்னதெல்லாம் சின்ன அளவில் இங்கேயும் நடக்கும்.

செய்யாதீர்கள்: கூடாரத்துக்குள் சாப்பாடு வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானை வீட்டை உடைப்பது வீட்டுக்காரன்மேல் கோபத்தில் அல்ல. உள்ளே கிடக்கிற நெல்லுக்காக, உப்புக்காக. கல்வீட்டுச் சுவரையே தள்ளுகிற மிருகத்துக்குக் கூடாரத் துணி என்ன கணக்கு? அரிசி, பழம், கருவாடு, மிஞ்சிய கறி எல்லாவற்றையும் வாகனத்தில் பூட்டுங்கள், அல்லது முகாம் உதவியாளர் சொல்கிற இடத்தில் வையுங்கள். கழுவாத சட்டியையும் அப்படியே. கருவாடு கொண்டுபோகாமல் இருப்பது இன்னும் நல்லது, ஆனால் எங்கள் ஆட்களிடம் அதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

செய்யுங்கள்: சோற்றை வாழையிலையில் கட்டுங்கள். லன்ச் சீற், சொப்பிங் பேக், ரெஜிபோம் பெட்டி மூன்றுக்கும் 2017 செப்டெம்பரில் தடை வந்தது. 2023 ஒக்டோபர் முதலாம் திகதி பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், கோப்பை, தட்டு, கரண்டி, ஏன், இடியப்பத் தட்டும் பூமாலையும்கூடத் தடைப் பட்டியலில் சேர்ந்தன. சட்டம் இருக்கிறது, கடையில் சாமானும் இருக்கிறது. எனவே வீட்டிலிருந்தே எவர்சில்வர் தட்டும் பெரிய தண்ணீர்க் கலனும் கொண்டுபோவதுதான் வழி. பத்துப் பேருக்குப் பத்துச் சின்னப் போத்தல் வாங்கினால் பத்தும் திரும்பி வராது. ஒரு கலன் கட்டாயம் திரும்பி வரும், ஏனென்றால் அது அம்மாவுடையது.

இது அழகு பற்றிய பேச்சு இல்லை. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் ஒரு குப்பைமேடு இருக்கிறது. சுற்றுவட்டார ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட, காட்டு யானைகள் அதில் மேயப் பழகின. 2022 ஜனவரியில் அங்கே இறந்துகிடந்த யானைகளை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பொலித்தீனும் சாப்பாட்டுச் சுற்றுத் தாள்களும் செரிக்காத பொருட்களும் இருந்தன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அந்தக் குப்பையால் இறந்ததாக அப்போது செய்தி வந்தது. யானைக்குப் பொலித்தீனில் விருப்பமில்லை. அதில் ஒட்டியிருந்த சோற்றின் வாசத்துக்காகச் சுற்றோடு விழுங்கியது. நீங்கள் ஜீப்பிலிருந்து விட்டெறிகிற பார்சல் கடதாசிக்கும் அதே வாசம்தான்.

செய்யாதீர்கள்: "மக்கிப் போகும்" என்று பழத்தோலையும் எலும்பையும் கூடார இடத்தில் புதைக்காதீர்கள். பன்றி அன்று இரவே கிண்டி எடுத்துவிடும். அடுத்த குழு வரும்போது பன்றியும் வரும்.

சத்தத்துப் பக்கம்

செய்யாதீர்கள்: பாட்டுப் போடாதீர்கள். புளூரூத் பெட்டி சின்னதுதான், சத்தம் சின்னதில்லை. காட்டில் இரவு சத்தம் வெகு தூரம் போகும். யானையும் மானும் ஒன்றையொன்று கேட்டுத்தான் பிழைக்கின்றன. உங்களுக்கும் அது தேவை. கிளை முறிகிற சத்தம் கேட்டால் எழும்பி வாகனத்துக்குப் போகலாம். பாட்டு ஓடினால் எப்படிக் கேட்கும்?

செய்யாதீர்கள்: குடிக்காதீர்கள். இதற்கு விளக்கம் எழுதப்போவதில்லை.

செய்யாதீர்கள்: பாதையை விட்டு வாகனத்தை இறக்காதீர்கள், 25 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். 2022 ஒக்டோபரில் யாலவுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய வாகனங்கள் பாதை விலகிப் புழுதி பறக்க ஓடிய காணொளி நாடெங்கும் சுற்றியது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. அது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஊரே திட்டியது, நானும் திட்டினேன். ஆனால் ஒரு புலி தெரிகிறது என்று தொலைபேசியில் தகவல் வந்ததும் வாடகை ஜீப்காரரைப் பார்த்து "விடுங்க அண்ணை, ஓடுங்க, ஓடுங்க" என்று கத்துவதும் அதே விளையாட்டுத்தான். சாரதி ஓடாவிட்டால் உங்களுக்குக் கோபம், ஓடினால் மிருகத்துக்கு ஆபத்து. பாவம், அவருக்குச் சன்மானம் தருகிறவர் நீங்கள். ஆகவே வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணை, புலி காணாட்டியும் பரவாயில்ல, மெல்லப் போவம்." அந்தச் சொல்லைக் கேட்ட சாரதியின் முகத்தில் வருகிற நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவர் எங்களுக்கு ஒரு மணிநேரம் கூடுதலாகக் காட்டினார்.

செய்யாதீர்கள்: அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். யானையைப் பார்த்துக் கைதட்டாதீர்கள், விசிலடிக்காதீர்கள், "இஞ்ச திரும்பு" என்று கத்தாதீர்கள். இருட்டிய பிறகு ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடாதீர்கள். கூட்டில் குஞ்சுவைத்திருக்கிற நீர்ப்பறவைகள் அந்த இரைச்சலில் கூட்டைவிட்டு எழும்பும், வெயிலில் குஞ்சு கிடக்கும், காகம் வரும். குமண வில்லு என்கிற நீர்நிலையில் பறவைகள் கூடுகட்டுவது மே, ஜூன் மாதங்களில். நீங்கள் போவதும் அப்போதுதான்.

செய்யுங்கள்: யானையின் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். காது ஆடிக்கொண்டிருந்தால் அது தன்பாட்டில் நிற்கிறது. ஆடிய காது நின்று விரிந்து, தலை உயர்ந்தால் உங்களைக் கவனிக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரம் வழிந்தால் மதம், அதன் அருகே நிற்கவே வேண்டாம். குட்டியோடு நிற்கிற கூட்டத்தின் பாதையை மறிக்காமல் வாகனத்தைப் பின்னால் எடுங்கள், எந்திரத்தை உறுமவிடாதீர்கள்.

கல்லோயாவில் இதே விதி தண்ணீருக்கும் பொருந்தும். சேனாநாயக்க சமுத்திரத்தில் யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு நீந்திப் போகும். தும்பிக்கை மட்டும் மேலே, முதுகு ஒரு கருங்கல் போல. பார்க்கிறவர்களுக்குக் கண்கொள்ளாக் காட்சி, அதனாலேயே படகுகள் சுற்றிவளைக்கும். நடுத்தண்ணீரில் நிற்கிற யானைக்கு ஓட இடமில்லை, நிற்கத் தரையில்லை. கரையை நோக்கி அது போகிற பக்கத்தை மறிக்கவே கூடாது. பின்னால் தூரத்தில் எந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். படகோட்டி நிறுத்துவார், எங்கள் ஆட்கள்தான் "கிட்டப் போங்க" என்பார்கள்.

காட்டுப்பாதை நடப்பவர்களுக்கு

தேசிய பூங்காவுக்குள் கூடாரம் போடுவது வெளிநாட்டுக்காரர் பழக்கம் என்று எங்களில் பலர் நினைக்கிறார்கள். இந்த நாட்டில் அதிக ஆட்கள் ஒரே நேரத்தில் பூங்காவுக்குள் படுத்துறங்குவது ஆடிவேலுக்குப் போகிற எங்கள் பாதயாத்திரையில்தான். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்குகிற குழுக்கள் வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கரையோரமாக வந்து உகந்தையில் சேரும். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் திறக்கிற காட்டு வாசலால் குமணக்குள் இறங்கி, யாலவால் ஏறி, கதிர்காமம் போகும். வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். இந்தப் பெயர்கள் எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் இதே ஒழுங்கில் இல்லை. எங்கள் கால்கள் மட்டும் மறக்கவில்லை.

பழைய நடைக்காரர்களிடம் எழுதாத விதிகள் இருந்தன. எல்லாரும் எல்லாருக்கும் 'சாமி'. முன்னால் போகிற சாமிதான் வழி, அவரை யாரும் முந்தக்கூடாது. இருட்டுமுன் தங்கவேண்டும், விடியுமுன் நடக்கத் தொடங்கக்கூடாது. ஒருமுறை எங்கள் குழுவின் பெரியவர் ஒரு புளியமரத்தடியில் எங்களை அரைமணிநேரம் நிறுத்திவைத்தார். ஏன் என்று கேட்டேன். "கணபதியார் தண்ணி குடிக்கிறார் மனே. குடிச்சிட்டுப் போகட்டும்." அவர் யானை என்ற சொல்லைக் காட்டுக்குள் சொன்னதே இல்லை. திணைக்களத்தின் விதிப்பலகையை அவர் வாசித்திருக்கமாட்டார், ஆனால் அதை மீறியதும் இல்லை.

இப்போது கூட்டம் பெருகிவிட்டது. பெரியவர் இல்லாத குழுக்களும் வருகின்றன. அவர்களுக்காக:

செய்யுங்கள்: பொரிமா, அவல், சீனி, பேரீச்சம்பழம், கொஞ்சம் அரிசி, பருப்பு. இவ்வளவும் போதும். தண்ணீர்த் தாங்கிகளும் அன்னதானமும் வழியில் உண்டு. அன்னதானம் கொடுக்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை: வாழையிலையில் கொடுங்கள், இலையில்லாவிட்டால் சாமிமாரின் சொந்தத் தட்டில் போடுங்கள். நூறு பேருக்குச் சோறு கொடுத்த கையால் நூறு பொலித்தீன் தாளைக் காட்டில் விட்டுவரக்கூடாது.

செய்யாதீர்கள்: பாலைப்பழத்துக்காகக் கொப்பை முறிக்காதீர்கள். யாத்திரைக் காலமும் பாலை பழுக்கும் காலமும் ஒன்று. வீரையும் அப்போதுதான். அந்தப் பழத்தைக் கரடியும் தேடி வரும், மரத்தில் ஏறியும் இருக்கும். கீழே உதிர்ந்து கிடப்பதில் நாலு பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு போங்கள், மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு.

செய்யாதீர்கள்: ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தால், சவர்க்காரம் போட்டுக் குளிப்பதையும் துணி துவைப்பதையும் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். வறட்சியில் அந்த ஊற்று உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும், இரவில் மானுக்கும் தேவை. ஒதுங்குவது ஆற்றைவிட்டு எட்டத்தில், குழிதோண்டி மூடி.

செய்யாதீர்கள்: நெருப்பை அணைக்காமல் போகாதீர்கள். ஆனி, ஆடியில் அடிப்பது வறண்ட கச்சான் காற்று. காய்ந்த புல்லில் ஒரு தணல் உருண்டால் போதும். மண் மூடினால் போதாது, மண்ணுக்கடியில் கட்டை கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பாருங்கள். சூடு இல்லையென்றால்தான் பையைத் தூக்கவேண்டும். கர்ப்பூரத்துக்கும் இதே விதி.

செய்யாதீர்கள்: வெறுந்தரையில் படுக்காதீர்கள். எட்டடி விரியன் இரவில் நடமாடுகிற பாம்பு, தரையில் தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வீக்கமும் இருக்காது, வலியும் பெரிதாகத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, கண்ணிமை மூடிக்கொள்ளும். அதை "வெயில் சுட்டது" என்று படுக்க வைக்காமல் உடனே பொத்துவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிற வழியைப் பாருங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ், 1992 வனஜீவராசிகள் திணைக்களம். காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய, எனவே அருகிலுள்ள படையினரின் அல்லது திணைக்களத்தின் காவலிடம் எது என்று ஒவ்வொரு தங்கலிலும் விசாரித்து வையுங்கள்.

வாவியிலும் குளக்கரையிலும்

செய்யாதீர்கள்: உன்னிச்சை, உறுகாமம் போன்ற குளக்கட்டுகளில் கூடாரம் அடிக்காதீர்கள். பொழுதுபட யானை தண்ணீருக்கு வருகிற வழியே அதுதான். அடிபட்ட புல், உருண்டை உருண்டையாக லத்தி, மரத்தில் தோளுயரத்துக்கு மேலே உரசிய சேறு. இவற்றைக் கண்டும் கூடாரம் அடித்தால் பிறகு யாரையும் குறைசொல்ல முடியாது.

செய்யாதீர்கள்: குடும்பிமலைப் பக்கமோ வேறெங்கோ புதருக்குள் துருப்பிடித்த இரும்புச் சாமான் கண்டால் எடுக்காதீர்கள், காலால் தட்டாதீர்கள். மட்டக்களப்பு 2017இல் நாட்டின் முதல் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனாலும் பொலிசுக்கு அறிவித்துவிட்டு விலகி நிற்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

செய்யாதீர்கள்: வாவிக்கரையில் விறகுக்குக் கண்டல் வெட்டாதீர்கள். 2015இல் இலங்கை தன் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக உலகத்துக்குச் சொன்ன நாடு. சட்டம் பயமில்லையென்றால் தில்லையை நினைத்துக்கொள்ளுங்கள். தில்லையும் கண்டலோடு கண்டலாகத்தான் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், தோலில் பட்டால் கொப்புளம். மரம் தெரியாதவன் கத்தி எடுக்கவே கூடாது.

செய்யாதீர்கள்: வாவியில் கண்ட இடத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். முதலை உண்டு. 2017 செப்டெம்பரில் அறுகம்குடாவுக்கு அருகே ஒரு களப்பில் கைகழுவப் போன வெளிநாட்டு இளைஞர் ஒருவரை முதலை இழுத்துப்போனது. ஊர்ச் செம்படவர் எந்தத் துறையில் இறங்குகிறார் என்று பாருங்கள், எந்தத் துறையில் இறங்குவதில்லை என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

செய்யுங்கள்: உல்லாசப் படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி போடுங்கள். வலை கட்டிய கம்புகளுக்கு மேலால் படகு விடச் சொல்லாதீர்கள். ஒரு வலை அறுந்தால் அந்த வீட்டில் ஒருவாரம் அடுப்பு மெதுவாகத்தான் எரியும். தோணிக்காரரைப் படம்பிடிக்குமுன் "அண்ணை, ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேளுங்கள். மறுத்தால் மீனாவது வாங்குங்கள்.

கடைசியாக, பாடும் மீன், எங்கள் வாவியின் அடியிலிருந்து கேட்கிற இசை. 56 கிலோமீற்றர் நீள வாவியில் எல்லாரும் கல்லடிப் பாலத்தடிக்குத்தான் வருகிறார்கள், முழுநிலவு நாளில், மூன்று படகில் மூன்று பாட்டோடு. 1848 செப்டெம்பரில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இங்கே வந்து அந்த இசையைக் கேட்டு எழுதியபோது, அது மீனில்லை, ஊரி என்கிற சங்கு என்றார்கள் அவருடைய தோணிக்காரர்கள். மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முடிக்க வேண்டுமென்று எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் கேட்க ஆசையிருந்தால் காற்று அடங்கிய கோடை இரவில், பாலத்து வெளிச்சத்தை விட்டு விலகி, எந்திரத்தை நிறுத்துங்கள். தொலைபேசிகளை அணைத்து ஒரு பையில் போடுங்கள். துடுப்பின் அகலப் பக்கத்தைத் தண்ணீரில் இறக்கி, பிடிப்பக்கத்தைக் காதில் வையுங்கள். ஐந்து நிமிடம் யாரும் எதுவும் தின்னக்கூடாது, முறுக்கு கடிக்கிற சத்தம்தான் முதலில் கேட்கும். துடுப்பு இரண்டாகக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டுமென்றால் தோணிக்குள் சண்டை வரும்.